டென்னிஸ் கோர்ட் பெஞ்சில் ஒரு டென்னிஸ்

மாத்திரை அட்டை, மோட்டார் உதிரிபாக டப்பா, கிரெடிட் கார்டு, டாஸ்மாக் பாட்டில் என்று எங்கே பார்த்தாலும் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர். சாய்த்தால் பச்சை, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் சிவப்பு. 'சரக்கு ஒரிஜினல்தான், கவலைப்படாதே' என்று நம்மைச் சமாதானப்படுத்துவதற்காக ஒட்டியது. (டாஸ்மாக் வாடிக்கையாளர்களுக்கு மூன்றாவது ரவுண்டில் ஸ்டிக்கர் ஒட்டாத சுவர்கூட நிறம் மாறித் தெரியும். அது வேறு டிபார்ட்மெண்ட்.)

அந்த ஸ்டிக்கருக்குள் இருக்கும் சங்கதிக்குப் பெயர் ஹாலோகிராம். அதைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ் கேபார். ஹங்கேரிக்காரர். ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. முப்பரிமாணப் படம் காட்டுவதற்காகவும் கண்டுபிடிக்கவில்லை. மனுஷர் தேடியதே வேறு. தேடியது கிடைக்கவில்லை. தேடாததற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அதுவும் கண்டுபிடித்து இருபத்து மூன்று வருஷம் கழித்து.

முதலில் ஹாலோகிராம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள். நான் பி.காம். எனக்கே புரிகிற மாதிரிதான் சொல்ல முடியும்.

ஒரு கடையில் கணக்குப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். கல்லாவில் எவ்வளவு பணம் விழுந்தது என்று பைசா சுத்தமாக எழுதிவிடுவார். எப்போது விழுந்தது என்று மட்டும் எழுத மாட்டார். தொகை உண்டு, தேதி கிடையாது. ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். போட்டோ பிலிம் என்பது இந்தக் கணக்குப்பிள்ளைதான். ஒளி என்பது அலை. ஒரு பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும்போது மூக்கு நுனியில் பட்டது கொஞ்சம் முன்னால் வந்து சேரும், காது மடலில் பட்டது கொஞ்சம் பின்னால் வரும். அந்த முன்பின்னில்தான் பள்ளம் மேடு எல்லாம் அடங்கியிருக்கிறது. பிலிமோ எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் எழுதிக்கொள்கிறது. அலை ஏறுமுகத்தில் வந்ததா, இறங்குமுகத்தில் வந்ததா என்பதை விட்டுவிடுகிறது. அதனால்தான் கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் தட்டையாக இருக்கிறோம்.

கேபார் செய்தது இதுதான். பொருளிலிருந்து வரும் ஒளியோடு கூடவே, அதே விளக்கிலிருந்து புறப்பட்ட ஒழுங்கான இன்னொரு ஒளியையும் பிலிமில் விழவிட்டார். கடிகாரம் மாதிரி நிதானம் தவறாத ஒளி. இரண்டு அலைகளும் மோதுகின்றன. மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் வெளிச்சம், மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் இருட்டு. தெப்பக்குளத்தில் இரண்டு கல் போட்டால் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளுமே, அதே மாதிரி பிலிம் முழுக்க மெல்லிய கோடுகள். வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது, ஏதோ அழுக்குக் கண்ணாடி என்று தூக்கிப் போடுவோம். ஆனால் அந்தக் கோடுகளில்தான் தொகை, தேதி இரண்டும் பதிவாகியிருக்கின்றன. பிறகு பொருளை எடுத்துவிட்டு ஒழுங்கான ஒளியை மட்டும் அந்தப் பிலிம் வழியாக அனுப்பினால், கோடுகள் அதை வளைத்து, பொருளிலிருந்து அன்றைக்கு வந்த அதே அலையைத் திரும்பவும் உண்டாக்கிவிடுகின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. முன்னால் இருக்கும் காபி டம்ளருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற வடை, தலையைச் சாய்த்தால் தெரியும். எட்டி எடுக்கத்தான் முடியாது.

'ஹோலோஸ்' என்றால் கிரேக்க மொழியில் முழுமை. முழுக் கணக்கும் இதில் இருக்கிறது என்பதால் ஹாலோகிராம் என்று கேபாரே பெயர் வைத்தார்.

இனி ஆளுக்கு வருவோம்.

1900-ம் வருஷம் ஜூன் 5-ம் தேதி புடாபெஸ்டில் பிறந்தார். யூதக் குடும்பம். அப்பா சுரங்கக் கம்பெனியில் டைரக்டர், எனவே பையன்களின் விபரீத ஆசைகளுக்குக் காசு இருந்தது. டென்னிஸும் தம்பி ஜார்ஜும் வீட்டிலேயே ஒரு லாபரேட்டரி வைத்துக்கொண்டு எக்ஸ்ரே, கதிரியக்கம் என்று புத்தகத்தில் வந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். நம் வீடுகளில் பையன் டார்ச் லைட்டைக் கழற்றினாலே முதுகில் ஒன்று விழும். பதினைந்து வயதில் பிசிக்ஸ் மேல் காதல் வந்து, கல்லூரிக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல், அன்றைக்குக் கிடைத்ததிலேயே தடிமனான பிசிக்ஸ் பாடப்புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்தார். ஆனால் கல்லூரியில் சேர்ந்தது என்ஜினீயரிங். ஹங்கேரி முழுக்கத் தேடினாலும் பிசிக்ஸ் பேராசிரியர் நாற்காலி அரை டஜன்தான் தேறும், அதை நம்பி எவன் பிசிக்ஸ் படிப்பான் என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். புடாபெஸ்ட் ஆனாலும் பொள்ளாச்சி ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரே கதைதான்.

நடுவில் முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இத்தாலிப் பக்கம் போய்வந்தார். பிறகு படிப்பு பெர்லினில். அந்தக்கால பெர்லின் இருக்கிறதே, தெருவுக்கு ஒரு மேதை. ஐன்ஸ்டைன் செமினாருக்கு இவரும் போய் உட்கார்ந்திருக்கிறார். கூட்டாளிகள் யூஜின் விக்னர், லியோ ஸிலார்ட். இரண்டு பேருமே புடாபெஸ்ட்காரர்கள்.

டாக்டர் பட்டத்துக்காகக் கேபார் எடுத்துக்கொண்ட வேலை, உயர் அழுத்த மின்கம்பிகளில் திடீரென்று ஓடும் மின் அதிர்ச்சியைப் படம் பிடிப்பது. அதற்கு எலெக்ட்ரான் கற்றையைச் சிதறாமல் ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும். ஒரு குட்டிக் கம்பிச்சுருள் செய்து, அதைச் சுற்றி இரும்புக் கவசம் மாட்டினார். அற்புதமாகக் குவிந்தது. ஏன் குவிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைவிட முக்கியமாக, கண்ணாடி லென்ஸ் ஒளிக்குச் செய்வதையே இந்தச் சுருள் எலெக்ட்ரானுக்குச் செய்கிறது, ஆகவே இதை வைத்து ஒரு மைக்ராஸ்கோப் செய்யலாம் என்று தோன்றவில்லை. 1927-ல் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

1928-ல் பெர்லினில் ஒரு காபி கடை. ஸிலார்ட் கேட்கிறார்: நீதான் லென்ஸ் செய்தவன் ஆயிற்றே, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஒன்று பண்ணேன், அணுவையே பார்க்கலாமே. அதற்குக் கேபாரின் பதில்: பண்ணலாம்தான், ஆனால் எந்தப் பொருளை வைத்தாலும் எலெக்ட்ரான் பட்டுச் சாம்பலாகிவிடுமே, எதைப் பார்ப்பது?

நியாயமான பேச்சு மாதிரிதான் இருக்கிறது. அதே பெர்லின் கல்லூரியில் எர்ன்ஸ்ட் ருஸ்கா என்கிற மாணவர் இந்த நியாயத்தையெல்லாம் கேட்கவில்லை. தன் ஆசிரியர் க்னோலோடு சேர்ந்து 1931-ல் செய்தே காட்டிவிட்டார். (ருஸ்காவுக்கு நோபல் வந்தது 1986-ல். ஐம்பத்தைந்து வருஷக் காத்திருப்பு! கேபார் கதை தேவலை.) தன் கையில் இருந்த சாவியின் உபயோகம் தெரியாமல் ஆணியில் மாட்டிவிட்டு வந்த வருத்தம் கேபாருக்குக் கடைசிவரை இருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்த முப்பது வருஷம் அந்த மைக்ராஸ்கோப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தார்.

இதற்கிடையில் சீமென்ஸ் கம்பெனியில் சேர்ந்து பாதரச விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதிலும் காட்மியம் விளக்கு செய்யப் போய், அது ஊற்றிக்கொண்டு, பாதரச விளக்கு பிறந்தது. லட்சக்கணக்கான தெருவிளக்குகளில் அவர் வழி உபயோகமானது. 1933-ல் ஹிட்லர் வந்தார். யூதர் வேலையில் நீடிக்க முடியாது. கொஞ்ச நாள் ஹங்கேரி, பிறகு 1934-ல் இங்கிலாந்தில் ரக்பி என்கிற ஊர். பிரிட்டிஷ் தாம்ஸன்-ஹூஸ்டன் என்ற மின்சார சாமான் கம்பெனியில் வேலை. உள்ளூர்ப் பெண் மார்ஜோரியை 1936-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தவர் என்றாலும் ஹங்கேரிக்காரர், ஆகவே அந்நியர். ராணுவ ரகசிய வேலை எதிலும் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியின் பாதுகாப்பு வேலிக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டுக்கொடுத்து, இங்கே உட்கார்ந்து எதையாவது கண்டுபிடி என்றார்கள். உள்ளே போர் மும்முரம். வெளியே நம்மவர் பென்சிலும் காகிதமுமாக. 1946-ல் செய்தித் தொடர்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ஒலியை நேரம், சுருதி இரண்டையும் சேர்த்துக் குட்டிக் குட்டித் துண்டுகளாக எப்படி அளக்கலாம் என்று கணக்கு. அன்றைக்கு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆதார் அட்டைக்காகக் கண்ணைப் படம் பிடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கருவிழியின் வரிவடிவத்தை எண்களாக மாற்றி அடையாளம் காண்கிற வழியைக் கண்டவர் கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மன். அதற்கு அவர் அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டது அந்தக் கொட்டகைக் காலத்துக் கணக்கைத்தான்.

1947 ஈஸ்டர் சமயம். ரக்பியில் டென்னிஸ் கிளப். கோர்ட் காலியாகட்டும் என்று டென்னிஸ் பெஞ்சில் காத்திருந்தார் என்று சொல்வார்கள். (இந்த வாக்கியத்தில் எது ஆள், எது ஆட்டம் என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.) மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது பழைய விரோதியான எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப். அதில் ஒரு பெரிய கோளாறு. எலெக்ட்ரான் லென்ஸை எப்படிச் செய்தாலும் ஓரத்தில் வருவது ஒரு புள்ளியிலும் நடுவில் வருவது இன்னொரு புள்ளியிலும் குவியும். படம் கலங்கும். கண்ணாடி லென்ஸ் என்றால் எதிர்ப்பக்கம் வளைந்த இன்னொன்றை வைத்துச் சரிக்கட்டலாம், இதில் அது முடியவில்லை. அணுவைத் தனித்தனியாகப் பார்க்க முடியாமல் கொஞ்சத்தில் தவறிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் வந்த யோசனை: லென்ஸைச் சரிசெய்ய வேண்டாம். படம் மோசமாகவே இருக்கட்டும். ஆனால் அலையின் முழுத் தகவலும் அந்த மோசமான படத்துக்குள் இருந்தால் போதும். பிறகு அதைச் சாதாரண ஒளியில் வைத்து, நல்ல கண்ணாடி லென்ஸ்களைக் கொண்டு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். பேரேட்டில் தப்பு இருந்தாலும் வவுச்சர் எல்லாம் பத்திரமாக இருந்தால் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்துவிடலாம் அல்லவா, அதுதான்.

அன்றைக்கு அவர் டென்னிஸ் ஆடினாரா என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

யோசனை பிரமாதம். ஆனால் அதைச் செய்து பார்க்க ஒளி வேண்டுமே? சாதாரண விளக்கிலிருந்து வரும் ஒளி, கல்யாணப் பந்திக்கு முந்துகிற கூட்டம். ஒருத்தர் அடிக்கும் இன்னொருத்தர் அடிக்கும் சம்பந்தம் கிடையாது. கேபாருக்கு வேண்டியதோ குடியரசு தின அணிவகுப்பு. எல்லா அலையும் ஒரே அடி வைத்து வர வேண்டும். அப்படிப்பட்ட விளக்கு 1947-ல் உலகத்தில் எங்கேயும் கிடையாது. இருப்பதில் உத்தமம் பாதரச விளக்கு. அதுவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்தான் ஒழுங்காக நடக்கும், அப்புறம் வரிசை கலைந்துவிடும்.

அதை வைத்துக்கொண்டே உதவியாளர் ஐவர் வில்லியம்ஸும் அவரும் முட்டி மோதினார்கள். விளக்கின் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்து, அதை மூன்று மைக்ரான் துளை வழியாக அனுப்பினார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டு அதில் மூன்று. அந்தத் துளையில் கசிந்த வெளிச்சத்தில் பல நிமிஷம் பிலிமைத் திறந்து வைத்து ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஹாலோகிராம் எடுத்தார்கள். எதைப் படம் பிடித்தார்கள் தெரியுமா? ஹைகன்ஸ், யங், ஃப்ரெனல் என்று மூன்று பெயர்கள். ஒளி அலைதான் என்று முன்னாளில் வாதாடிய பெரியவர்கள். அந்தப் பெயர்களை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கி வைத்து எடுத்தார்கள். நாம் புதுப் பேனா வாங்கினால் பிள்ளையார் சுழி போட்டுப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. எழுத்து திரும்பி வந்தது. கொஞ்சம் அழுக்காக, பக்கத்தில் ஒரு இரட்டைப் பிறவியின் நிழல் மேலே விழுந்தாற்போல, ஆனால் படிக்கும்படியாக வந்தது. 1948 மே மாதம் 'நேச்சர்' பத்திரிகையில் கட்டுரை.

அந்த இரட்டைப் பிறவிதான் தலைவலி. ஹாலோகிராமில் ஒளியை விட்டால் ஒன்றுக்கு இரண்டு பிம்பம் உண்டாகும். கேபார் முறையில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். என்ன செய்தும் முழுசாகப் பிரிக்க முடியவில்லை. எலெக்ட்ரானை வைத்துச் செய்து பார்க்க ஒரு கம்பெனி ஆராய்ச்சிக் குழு சில வருஷம் முயன்றது. மைக்ராஸ்கோப்பின் அதிர்வுகளும் ஆட்டங்களும் படுத்திய பாட்டில் அதுவும் கைவிடப்பட்டது. 1950-களின் நடுவில் ஹாலோகிராபி படுத்துத் தூங்கிவிட்டது. கேபார் 1949-லேயே லண்டன் இம்பீரியல் காலேஜில் சேர்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டையான டி.வி. ஒன்று செய்யப் பார்த்தார். அதுவும் கடைக்கு வரவில்லை. சுவரில் மாட்டும் டி.வி. நம் வீட்டுக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. மனுஷருக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் லேசரைக் கண்டுபிடித்தார். கேபார் கேட்ட அணிவகுப்பு ஒளி, பன்னிரண்டு வருஷம் லேட்டாக வந்து சேர்ந்தது.

அதற்குள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வேடிக்கை. எம்மட் லீத் என்ற இளைஞர் ராணுவ ரேடார் வேலையில் இருந்தார். ரேடார் பதிவுகளை ஒளியால் படிக்கிற கணக்கைப் போட்டுக்கொண்டே போனவர், கேபாரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே கேபார் போன வழியில் போய் நின்றார். பிறகு பழைய கட்டுரைகளைப் பார்த்தால் ஏற்கெனவே ஒரு பெயர்ப்பலகை. ராணுவ ரகசியம் என்று வேலிக்கு வெளியே உட்கார வைத்தார்களே கேபாரை? அதே ராணுவ ரகசிய வேலை செய்தவர்கள்தான் அவருடைய தூங்கிப்போன கண்டுபிடிப்பை எழுப்பினார்கள்.

லீத்தும், லாட்வியாவிலிருந்து அகதியாக வந்த ஜூரிஸ் உபாட்நீக்ஸும் செய்த மாற்றம் கேட்பதற்குச் சின்னது. ஒழுங்கான ஒளியை நேராக விடாமல் பக்கவாட்டில் சாய்வாக விட்டார்கள். அவ்வளவுதான், இரட்டைப் பிறவிகள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து போய்விட்டன. அதோடு லேசரும் சேர்ந்தது. 1964-ல் வாஷிங்டனில் ஒளியியல் விஞ்ஞானிகள் மாநாட்டில் ஒரு பொம்மை ரயிலின் ஹாலோகிராமை வைத்தார்கள். விஷயம் பரவி அறை வாசலில் க்யூ. வாழ்நாள் முழுக்க ஒளியைக் கரைத்துக் குடித்தவர்கள், கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் வெறும் காற்றில் நிற்கும் ரயிலைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

ரஷ்யாவில் யூரி டெனிஸ்யுக் தனிக் கச்சேரி. (இவர் பெயரிலும் டெனிஸ். நான் என்ன செய்ய?) 1962-ல் அவர் கண்ட முறையில் லேசர் இல்லாமல் சாதா பல்ப் வெளிச்சத்திலேயே ஹாலோகிராமைப் பார்க்கலாம். அவர் அடிப்படையாகக் கொண்டது கேப்ரியல் லிப்மனின் பழைய கலர் போட்டோ முறை. புடாபெஸ்ட் வீட்டு லாபரேட்டரியில் பையன் கேபார் வாய் பிளந்து படித்த அதே லிப்மன். டெனிஸ்யுக்கை அவர் ஊர்ப் பெரியவர்கள் முதலில் மதிக்கவே இல்லை. அமெரிக்காவிலிருந்து செய்தி வந்த பிறகுதான் மதிப்பு வந்து, 1970-ல் லெனின் பரிசு கொடுத்தார்கள். உள்ளூர் மாடு விலை போகாது என்பது சோஷலிஸத்துக்கும் பொருந்தும்.

1971 நோபல் பரிசு கேபாருக்கு மட்டும், பங்காளி இல்லாமல். அப்போது வயது எழுபத்து ஒன்று. லீத்தையும் உபாட்நீக்ஸையும் சேர்த்திருக்கலாமே என்று அன்றைக்கே முணுமுணுப்பு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. விதை இவர் போட்டது, சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் நோபல் கமிட்டி ஒரு சொம்பு கொடுத்திருக்கலாம். கேபார் தன் ஏற்புரையில் அவர்களையும் டெனிஸ்யுக்கையும் தாராளமாகவே சொன்னார். அந்த வருஷமே அமெரிக்காவில் லேசர் பாய்ச்சி அவரை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து ஆளுயர ஹாலோகிராம் எடுத்தார்கள். தன் கண்டுபிடிப்புக்குள் தானே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஹாலோகிராமை அச்சடித்துத் தள்ளும் வழி வந்து, 1983-ல் மாஸ்டர்கார்டு அட்டையில் ஏறியது. பிறகு மாத்திரை அட்டை, பாட்டில் என்று இறங்கி நம் தெருவுக்கே வந்துவிட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை. செத்துப்போன பாடகர் மேடையில் 'ஹாலோகிராமாக' வந்து பாடினார் என்று செய்தி வரும். 2012-ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில், 1996-ல் இறந்துபோன டூபாக் இப்படி வந்தார். அது ஹாலோகிராமே இல்லை. சாய்த்துப் பிடித்த மெல்லிய திரையில் விழுகிற பிரதிபலிப்பு. விக்டோரியா ராணி காலத்து நாடகக் கொட்டகையில் பேய் காட்டிய அதே தந்திரம். கேபாருக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

கடைசிக் காலத்தில் கேபார் விஞ்ஞானத்தைவிட மனுஷனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார். 1963-ல் எழுதிய புத்தகத்தில் மனித குலத்துக்கு மூன்று ஆபத்து என்றார். அணுகுண்டு, ஜனத்தொகை, மூன்றாவது ஓய்வு. மெஷினே எல்லா வேலையும் செய்துவிட்டால் மிச்ச நேரத்தை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான் என்று பயந்தார். கொட்டகையிலும் பெஞ்சிலும் உட்கார வைத்தால்கூட எதையாவது கண்டுபிடித்தவருக்கு வந்த பயம். செல்போனைப் பார்த்திருந்தால் நிம்மதியாயிருப்பாரா, இன்னும் பயந்திருப்பாரா தெரியவில்லை.

1974-ல் பக்கவாதம். படிக்கவும் எழுதவும் முடியாமல் போயிற்று. 1979 பிப்ரவரியில் லண்டனில் காலமானார். ஏறக்குறைய அதே சமயம் ஜப்பானில் ஹிட்டாச்சி கம்பெனி லாபரேட்டரியில் அகிரா டோனோமுரா என்பவர், அணிவகுத்து வருகிற எலெக்ட்ரான் கற்றை ஒன்றை ஒருவழியாகத் தயாரித்து, அதை மைக்ராஸ்கோப்பில் பொருத்தி உருப்படியான எலெக்ட்ரான் ஹாலோகிராம்களை எடுக்கத் தொடங்கியிருந்தார். அதைக்கொண்டு காந்தத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைக்கூடப் படமாக்கிக் காட்டினார். ரக்பி டென்னிஸ் கிளப் பெஞ்சில் 1947-ல் போட்ட ஆர்டர் அதுதான்.